புதிதாக வந்த நாயும் ஒழுங்கை நாய்களும்



வவுனியா குருமன்காட்டுப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மாரி மழை கொட்டிய ஓர் இரவில் ஒரு நாய் படலையடியில் வந்து ஒதுங்கியது. ஒன்றரை வயது மதிக்கலாம். விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போல் இருந்தது. பிள்ளைகள் இரங்கிப் பழஞ்சோறு வைத்தார்கள். அடுத்த நாளும் அது போகவில்லை. ஒரு கிழமைக்குள் ஜிம்மி என்று பெயர் வைத்தாயிற்று. கழுத்துப் பட்டியும் வாங்கியாயிற்று. வீட்டாரிடம் கன்றுக்குட்டியைப் போலச் சாது. ஆனால் கயிற்றில் பிடித்துக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினால் வேறு சீவனாகிவிடும். மற்றொரு நாயின் வால் நுனி தெரிந்தால் போதும். மயிர் சிலிர்த்து, பல்லைக் காட்டி, கயிற்றை அறுத்துக்கொண்டு பாயப் பார்க்கும். மூத்த மகனின் கையைக் கயிறு வெட்டிவிட்டது. அயல்வீட்டு அக்கா முகம் சுளித்தார். அன்றிரவு தகப்பன் சொன்னார்: “விடிய இதைக் கொண்டுபோய்ச் சந்தையடியில விட்டிட்டு வாறன்.” பிள்ளைகள் அழுதார்கள்.

இது ஒரு வீட்டுக் கதையன்று. இப்படியான வேளையில் நாம் செய்வது வழமையாக மூன்றில் ஒன்று. கொண்டுபோய் விட்டுவிடுவோம்; அல்லது சங்கிலியில் ஆயுள் முழுவதும் கட்டிப்போடுவோம்; அல்லது தடியெடுத்து அடித்துத் திருத்தப் பார்ப்போம். மூன்றினாலும் பயன் இல்லை, கேடு உண்டு. நாலாவது வழி ஒன்று இருக்கிறது. பணச் செலவு மிகக் குறைவு. பொறுமைச் செலவு கொஞ்சம் அதிகம். அதையே இன்று படிப்போம். வீட்டில் நாய் வளர்க்கும் பிள்ளைகளுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

ஏன் சீறுகிறது?

“கெட்ட நாய்” என்று சொல்லிவிடுவது இலகு. ஆனால் மற்ற நாயைக் கண்டு சீறும் நாய்களுள் பெரும்பாலானவை பயத்தினால் சீறுகின்றன. “கிட்ட வராதே” என்பதே அந்தக் குரைப்பின் பொருள். அது குரைக்கிறது, மற்ற நாய் தன் வழியே போய்விடுகிறது. “குரைத்தேன், ஆபத்து விலகியது” என்று அது கணக்குப் போட்டுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் முந்திக்கொண்டு, இன்னும் உரத்துக் குரைக்கும்.

பயம் எங்கிருந்து வந்தது? சில நாய்களுக்கு அது குட்டிப் பருவத்தின் குறை. அமெரிக்காவின் பார் ஹாபர் என்னும் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வுகூடத்தில் ஜோன் போல் ஸ்கொட், ஜோன் புல்லர் என்னும் இருவர் நீண்டகாலம் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து, 1965இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டனர். குட்டியின் மூன்றாம் கிழமை முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் கிழமை வரையான காலமே அது மனிதரோடும் பிற நாய்களோடும் பழகக் கற்கும் காலம் என்று அவர்கள் காட்டினர். அந்தக் காலத்தில் தனியே அடைத்து வளர்க்கப்பட்ட குட்டி, பின்னர் மற்ற நாயைக் கண்டால் என்ன செய்வதென்று அறியாமல் திகைக்கும்.

ஜிம்மியைப் போலத் தெருவில் வளர்ந்த நாயின் கதை வேறு. அது நாய்களோடு பழகத் தெரியாததன்று. கட்டாக்காலி நாய்கள் ஒன்றையொன்று சந்திக்கும் விதத்தைச் சற்றுத் தூர நின்று பாருங்கள். நேருக்கு நேர் முகம் பார்த்து நடந்து வராது. ஒன்று வளைந்து வரும். மற்றது முகத்தைத் திருப்பி நிலத்தை மோப்பம் பிடிக்கும். பிடிக்காவிட்டால் ஒன்று ஒதுங்கிப் போய்விடும். ஆனால் கயிற்றில் கட்டிய நாய்க்கு வளையவும் முடியாது, ஒதுங்கவும் முடியாது. நாமோ ஒடுங்கிய ஒழுங்கையில் அதை நேரே இழுத்துக்கொண்டு போகிறோம். தப்பியோட வழியில்லாத உயிருக்கு எதிர்த்துச் சீறுவதைத் தவிர வேறென்ன மிஞ்சுகிறது?

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். சந்தையடி, இறைச்சிக்கடையடி, பஸ் நிலையம், ஒவ்வொரு சந்தி என்று ஊர் நாய்கள் தங்களுக்குள் எல்லை பிரித்து வைத்திருக்கின்றன. நாம் “உலாத்த” என்று சொல்லிப் புது நாயைக் கூட்டிப் போகும் பாதை, அதன் கண்ணுக்கு நாலைந்து அந்நிய நாடுகளின் எல்லைகளைக் கடக்கும் பாதை.

முதற் கிழமைகள்

புதிதாக வந்த நாயை முதல் நாளே ஊர் காட்டக் கொண்டு போகாதீர்கள். புது வீட்டின் மணம், சத்தம், சாப்பாட்டு நேரம், ஆட்கள் எல்லாவற்றையும் அது முதலில் அறிந்துகொள்ள வேண்டும். மூன்று நாளில் மூச்சு விடும், மூன்று கிழமையில் வழமை பிடிபடும், மூன்று மாதத்தில் வீட்டு நாயாகும் என்பது நாய் வளர்ப்போர் கையாளும் ஒரு பொதுக் கணக்கு. எல்லா நாய்க்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் அவசரப்படாமல் இருக்க நமக்கு உதவும்.

இந்த நாட்களில் அதற்கு ஒரு மூலை வேண்டும். விறாந்தையின் ஓரத்திலோ, பின்வளவில் மாமர நிழலிலோ ஒரு சாக்கை விரித்து, “இது ஜிம்மியின் இடம், அங்கு படுத்திருந்தால் யாரும் தொடக்கூடாது” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, திரும்பிப் பார்த்ததும் ஒரு சிறு தீன் கொடுங்கள். இந்தச் சின்னப் பழக்கம் பின்னர் ஒழுங்கையில் கைகொடுக்கும்.

தெருவில் கிடந்த நாய் கல்லடி பட்டிருக்கும். நீங்கள் செருப்பை எடுக்கக் குனிந்தாலே அது ஒடுங்கிப் பதுங்குவதைக் காண்பீர்கள். கையோங்காத கை இதுவென்று அது நம்பும்வரை மற்ற நாய்களைப் பற்றிய பாடத்தைத் தொடங்குவதில் பயனில்லை.

உடல் பேசும் பேச்சு

நாய் திடீரென்று சீறுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பல தடவை சொல்லிப் பார்த்த பின்னரே சீறுகிறது. நோர்வே நாட்டு நாய்ப் பயிற்சியாளர் தூரிட் ருகாஸ் என்னும் பெண்மணி, நாய்கள் தம்மையும் எதிரே வருவதையும் சாந்தப்படுத்தக் காட்டும் சைகைகளைப் பற்றிப் பலகாலம் எழுதியும் கற்பித்தும் வந்தவர். நித்திரை வராத வேளையில் கொட்டாவி விடுவது, சாப்பாடு இல்லாத வேளையில் உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, திடீரென்று நிலத்தை மோப்பம் பிடிப்பது ஆகியன அவற்றுட் சில. “எனக்குக் கஷ்டமாயிருக்கிறது” என்பது இவற்றின் பொருள். இதைக் கண்டவுடன் விலகி நடந்தால் அநேகமாகச் சண்டை வராது.

இதைக் கவனிக்காமல் விட்டால் அடுத்த படி வரும். வாய் மூடிக்கொள்ளும். உடல் கம்பு போல விறைக்கும். கண் அசையாமல் நிலைகுத்தும். வால் உயர்ந்து விறைத்து நிற்கும். பிடரி மயிர் எழும்பும். வால் ஆடுகிறதே, சந்தோஷந்தானே என்று ஏமாறாதீர்கள். விறைத்த வால் மெல்ல ஆடுவது சந்தோஷத்தின் அடையாளமன்று. உடல் முழுவதும் தளர்ந்து, வாய் சற்றுத் திறந்து, இடுப்போடு சேர்த்து வால் ஆடினால் அதுவே மகிழ்ச்சி.

தூரமும் தீனும்

இனிப் பாடத்தின் மையத்துக்கு வருவோம். ருஷ்ய விஞ்ஞானி இவான் பாவ்லோவ், உணவு செரிப்பது பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய நாய்கள் உணவைக் காணுமுன்பே, உணவு வரப்போவதை அறிவிக்கும் சத்தம் கேட்டதும் வாயூறின. முன்னர் பொருளற்றிருந்த ஒரு சத்தம், உணவோடு திரும்பத் திரும்பச் சேர்ந்து வந்ததால் நல்ல செய்தியாகிவிட்டது. நாம் செய்யப்போவதும் அதுவே. “மற்ற நாய் வந்தால் ஆபத்து” என்று ஜிம்மியின் மனத்தில் எழுதியிருப்பதை, “மற்ற நாய் வந்தால் எனக்கு ஈரல் துண்டு” என்று மாற்றி எழுதப்போகிறோம்.

அவித்த கோழி ஈரல், அவித்த முட்டை, முள்ளெடுத்த மீன் ஆகியவற்றில் ஒன்றைச் சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக்கிக் கொள்ளுங்கள். வெறும் பாண் துண்டுக்குப் பயந்த நாய் மசியாது. கருவாட்டில் உப்பு அதிகம், வேண்டாம். அவித்த எலும்பு சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும்; அதுவும் வேண்டாம்.

இடம் முக்கியம். ஒடுங்கிய ஒழுங்கையை விட்டு வெளியான இடத்தைத் தேடுங்கள். குளக்கட்டு, அறுவடை முடிந்த வயல்வெளி, பள்ளிக்கூடம் விட்டபின் விளையாட்டு மைதானத்தின் ஓரம் என்று வவுனியாவில் இதற்குக் குறைவில்லை. கடைகள் திறக்குமுன் காலையில் போனால் சனமும் வாகனமும் குறைவு.

அங்கே தூரத்தில் ஒரு நாய் தெரியட்டும். ஐம்பது மீற்றரோ நூறு மீற்றரோ, அளவை ஜிம்மியே சொல்லும். அது மற்ற நாயைக் காணவும் வேண்டும். ஆனால் உங்கள் கையிலுள்ள தீனை வாங்கித் தின்னவும் வேண்டும். தின்றால் தூரம் சரி. பிடித்த ஈரலையும் மறுத்து விறைத்து நின்றால் கிட்டப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், பின்னால் போங்கள். பாடம் முழுவதற்கும் இதுவே அளவுகோல்.

இப்போது ஒழுங்கு தவறாமல் செய்யுங்கள். முதலில் ஜிம்மி மற்ற நாயைப் பார்க்கட்டும். பார்த்த பின்னரே தீன் கொடுங்கள். அந்த நாய் கண்ணில் தெரியும்வரை துண்டு துண்டாகக் கொடுங்கள். அது மறைந்ததும் நிறுத்துங்கள். தீனை முதலில் காட்டினால் பாடம் தலைகீழாகிவிடும். ஐந்து பத்து நிமிடம் போதும், வீட்டுக்குத் திரும்புங்கள்.

சில நாட்களிலோ சில கிழமைகளிலோ ஓர் அதிசயத்தைக் காண்பீர்கள். மற்ற நாயைக் கண்டதும் ஜிம்மி சீறுவதற்குப் பதிலாகத் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். “எங்கே என் துண்டு?” என்று கேட்கும். அன்று தொடக்கம் இரண்டு மூன்று மீற்றர் கிட்டப் போகலாம். அதற்குமேல் ஆசைப்படாதீர்கள். ஒரு நாள் பிழைத்தால் மறுநாள் மீண்டும் தூரத்திலிருந்து தொடங்குங்கள். எல்லா நாயோடும் கூடி விளையாட வேண்டும் என்பது நமது இலக்கன்று. மற்ற நாய் போகிறது, நானும் போகிறேன் என்று அமைதியாக நடந்தால் அதுவே வெற்றி.

கயிறு இரண்டு மீற்றர் நீளமான பருத்திக் கயிறாக இருக்கட்டும். கழுத்தை நெரிக்கும் சங்கிலியை விட்டு, மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டி கிடைத்தால் வாங்குங்கள். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். பலமான நாயைச் சிறுபிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம்.

எதிர்பாராமல் கிட்ட வந்தால்

வளைவில் திரும்பியதும் ஒரு நாய் முன்னே நிற்கும். இது நம் ஊரில் தவிர்க்க முடியாதது. அப்போது சத்தமிடாதீர்கள், அடிக்காதீர்கள், கயிற்றைச் சுண்டி இழுக்காதீர்கள். மற்ற நாய் தெரியும்போதெல்லாம் கழுத்து வலிக்கிறது, எசமான் ஏசுகிறார் என்றால் மற்ற நாயின் மேலுள்ள வெறுப்பு இரட்டிக்கும். உறுமலுக்கு அடி விழுந்தால் இன்னொரு கேடும் உண்டு: உறுமாமலே கடிக்கப் பழகிவிடும். பேசாமல் அரைவட்டமாகத் திரும்பி வந்த வழியே நடவுங்கள். “வா ஜிம்மி” என்று சாதாரணக் குரலில் சொல்லி, மதில் மறைவுக்கோ நிற்கும் வாகனத்தின் மறுபக்கத்துக்கோ போய்விடுங்கள்.

கட்டாக்காலி நாய்கள் உங்களை நோக்கி வந்தால் ஓடாதீர்கள். ஓடினால் துரத்தும். உங்கள் நாயைப் பின்னால் விட்டு நீங்கள் இடையில் நின்று, கையிலுள்ள தீனில் ஒரு பிடியை அவற்றின் பக்கம் எறியுங்கள். அவை பொறுக்கும் நேரத்தில் நீங்கள் விலகிவிடலாம். பெட்டை நாய் பருவத்துக்கு வந்து கடுவன்கள் கூட்டமாகத் திரியும் நாட்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள். நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் பொங்கலுக்கும் சீனவெடி கொளுத்தும் நாட்களில் பாடத்தை நிறுத்தி, நாயை வீட்டுக்குள் வைத்திருங்கள்.

சண்டை தொடங்கிவிட்டால் கையை நடுவில் விட்டுப் பிரிக்காதீர்கள். சொந்த நாயே ஆளறியாமல் கடிக்கும். வாளித் தண்ணீரை வீசுங்கள், தகரத்தில் தட்டுங்கள், நனைந்த சாக்கை மேலே போடுங்கள், பலகை ஒன்றை இடையில் செலுத்துங்கள். பிள்ளைகளை முதலில் அப்புறப்படுத்துங்கள்.

வேலியும் சங்கிலியும்

பலருடைய நாய்க்கு ஒழுங்கையில் அல்ல, வளவுக்குள்ளேயே பாடம் கெடுகிறது. கம்பிவேலியின் இந்தப் பக்கம் நம் நாய், அந்தப் பக்கம் றோட்டு நாய்கள். நாள் முழுவதும் வேலி நெடுகிலும் ஓடி ஓடிக் குரைக்கும். காலையில் பத்து நிமிடம் நாம் படிப்பித்ததை மாலைக்குள் வேலி அழித்துவிடும். கம்பி வேலியில் கிடுகோ பனையோலையோ தகரமோ அடித்துப் பார்வையை மறையுங்கள். படலையடியில் கட்டாதீர்கள், பின்வளவுக்கு மாற்றுங்கள். நாள் முழுவதும் சங்கிலியில் நிற்கும் நாய்க்கு உலகம் சங்கிலியின் நீளந்தான். அந்த வட்டத்துக்குள் எது வந்தாலும் எதிரியாகவே தெரியும்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு நாய் இருந்தால், வந்த நாயை இரண்டு கிழமையாவது தனியே வைத்திருங்கள். தொற்றுநோய் இருந்தால் அதற்குள் தெரியவரும். பின்னர் இரு நாய்களையும் வளவுக்கு வெளியே, இரண்டுக்கும் உரிமையில்லாத பொது இடத்தில், இரண்டு பேர் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, இடைவெளி விட்டு ஒரே திசையில் நடத்துங்கள். இரண்டும் சாந்தமானால் இடைவெளியை மெல்லக் குறைத்து, ஒன்றாக வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். சாப்பாட்டுக் கோப்பைகள் பல நாளைக்குத் தூரத் தூர இருக்கட்டும்.

ஊசியும் எச்சரிக்கையும்

தெருவிலிருந்து வந்த நாயை முதல் வேலையாக மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். காதுப் புண், மூட்டு நோ போன்ற வேதனைகளும் நாயைச் சீற வைக்கும். விசர்நாய்த் தடுப்பூசியைச் சுகாதாரப் பகுதியினர் இலவசமாக ஏற்றுகின்றனர். ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள். இலங்கையில் 1973இல் மட்டும் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தனர். அண்மைய ஆண்டுகளில் அது இருபது முப்பது அளவுக்குக் குறைந்தது என்றால், நாய்களுக்கு ஊசி ஏற்றியதும், கடிபட்டவர்கள் காலத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனதுமே பெருங் காரணங்கள்.

சாதுவாயிருந்த நாய் திடீரெனக் குணம் மாறி, கண்டதையெல்லாம் கடித்து, வீணீர் வடித்து, விழுங்க முடியாமல் தவித்தால் அது பயிற்சிக்குரிய காரியமன்று. கிட்டப் போகாமல் உடனே அதிகாரிகளுக்கு அறிவியுங்கள். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கோப்பித்தூளும் மஞ்சளும் அப்பி வீட்டில் இருக்க வேண்டாம். கடித்த நாயை அடித்துக் கொல்லாமல், கட்டி வைக்க முடியுமானால் 14 நாள் கவனியுங்கள்.

கருத்தடை செய்வதும் நல்லது. கடுவன் நாய் பெட்டை தேடி அலைவதும் அதற்காகச் சண்டையிடுவதும் குறையும். பெட்டை நாய் வேண்டாத குட்டிகளை ஈனாது. ஆனால் பயத்தைக் கருத்தடை தீர்க்காது. அதற்குத் தூரமும் தீனும் பொறுமையுமே மருந்து.

சந்தையடி தீர்வல்ல

தகப்பனின் பேச்சுக்குத் திரும்புவோம். “சந்தையடியில் விட்டால் எங்காவது பிழைத்துக்கொள்ளும்” என்று நினைக்கிறோம். மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள். மற்ற நாய்களுக்குப் பயந்த ஒரு நாயை, மற்ற நாய்கள் மிக அதிகமாக எல்லை காக்கும் இடத்தில் தனியே இறக்கிவிடுகிறோம். அது கடிபடும், அல்லது கண்டி வீதியில் வாகனத்தில் அடிபடும். பிழைத்தால் ஊசியில்லாத இன்னொரு கட்டாக்காலியாகி, நாளை யாரோ ஒரு பிள்ளையைக் கடிக்கும். கட்டாக்காலி நாய்களைக் கொல்வதை 2006இல் அரசாங்கம் நிறுத்தி, ஊசியையும் கருத்தடையையும் வழியாகக் கொண்டது. கிளிநொச்சி மாவட்டத்து இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை இப்படிப்பட்ட நாய்களுக்கென ஒரு காப்பகம் அமைத்தது. ஆனால் வீடுகளிலிருந்து நாய்கள் தெருவுக்கு வந்துகொண்டிருக்கும்வரை எந்தக் காப்பகமும் போதாது.

வன்னி மக்களாகிய நமக்கு ஒன்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2008இலும் 2009இலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீட்டு நாயைக் கட்டவிழ்த்துவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். செட்டிகுளத்து மெனிக் பாமில் கூடாரத்துக்குள் முதற் கிழமை எப்படிப் போனது என்பதும் அவர்களுக்குத் தெரியும். யாரும் சத்தமாகப் பேசினாலே திடுக்கிட்டோம். பக்கத்துக் கூடாரத்தாரை நம்ப நாளெடுத்தது. அந்த நாட்களில் ஒருவர் தூர நின்று ஒரு நல்ல சொல் சொன்னது எவ்வளவு பெரிதாயிருந்தது! புது வளவுக்குள் வந்து நிற்கும் நாயிடமும் அந்தப் பொறுமையைக் காட்டுவது நமக்குக் கடினமாயிருக்கக்கூடாது.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். நாம் வாலை நிமிர்த்தப் புறப்படவில்லை. பயத்தில் கால்களுக்கிடையில் செருகிய வாலைத் தளர விடுகிறோம், அவ்வளவுதான்.

குடும்பமாகக் கூடிப் பேச

1. நம் நாய் எந்த இடத்தில், எந்த நாயைக் கண்டு, எத்தனை மீற்றர் தூரத்தில் சீறத் தொடங்குகிறது? இந்தக் கிழமை பிள்ளைகள் ஒரு கொப்பியில் குறித்து வைக்கட்டும்.

2. நம் வேலியில் எந்தப் பக்கம் மறைப்பு வேண்டும்? யார் அதை அடிப்பது?

3. கடைசியாக விசர்நாய் ஊசி போட்ட திகதி என்ன? அதற்கான அட்டை எங்கே?

4. தடியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனவர் யாராவது நம் வீட்டில் இருந்தால், அவரே நாளை காலை ஈரல் துண்டுகளை எடுத்துக்கொண்டு குளக்கட்டுக்குப் போகச் சம்மதிப்பாரா?